மெத்தென்ற இன்சோலா, தாங்கும் இன்சோலா? வேலைச் சப்பாத்துக்குள் எதை வைப்பது

2024 மார்ச் 10, ஞாயிறு காலை

பேலியகொடையில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “கம்பனி கொடுத்த இரும்பு முனைச் சப்பாத்தோடு நாளுக்குப் பத்து மணித்தியாலம் கொங்கிறீட் தரையில் நிற்கிறேன். மூன்று மாதமாக, காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிக்காலில் ஆணி ஏறுவது போல வலிக்கிறது. புறக்கோட்டையில் ஜெல் இன்சோல் விற்கிறார்கள். அமுக்கிப் பார்த்தால் பஞ்சு போல இருக்கிறது. வாங்கலாமா அண்ணா?”

வாங்க வேண்டாம். நான் 22 ஆண்டுகளாகக் கொழும்பின் கட்டடத் தளங்களில் மின்னிணைப்பு வேலை செய்கிறேன். நாளில் பாதி நேரம் ஏணிக்கம்பியில், மீதி நேரம் மேலே எதுவும் பாவாத கொங்கிறீட்டில். உங்களுக்கு வந்திருக்கும் அதே வலி எனக்கு 2016 இல் வந்தது. நானும் அன்று அமுக்கிப் பார்த்துப் பஞ்சு போலிருந்த ஜெல்லைத்தான் வாங்கினேன். முதல் நாள் சொர்க்கம். மூன்றாவது கிழமையில் வலி குதிக்காலிலிருந்து பாதத்தின் உட்பக்க ஓரம் வரை நீண்டுவிட்டது.

குதிக்கால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை பாதத்தின் கீழே தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. வில்லுக்கு நாண் போல அது பாத வளைவை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. இரவு முழுவதும் சுருங்கிக் கிடந்த அந்த நாண், காலையில் உடலின் எடை முழுவதும் ஒரேயடியாக அதன்மேல் விழும்போது, எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்தில் இழுபடுகிறது; உங்கள் வலி அங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். பத்து அடி நடந்தபின் சற்றுக் குறைந்து, வேலை முடியும் நேரத்தில் திரும்பி வந்தால் பெரும்பாலும் இதுதான். மரத்துப்போதல், வீக்கம், படுத்திருக்கும்போதும் விடாத வலி இவற்றில் ஒன்று இருந்தால் இன்சோலைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

மெத்தென்ற ஒன்றின்மேல் நிற்கும்போது குதிக்கால் எந்தப் பக்கம் சாய விரும்புகிறதோ அந்தப் பக்கமே அமிழ்கிறது. பலருக்கு அது உட்பக்கம். குதிக்கால் உள்ளே சாய்ந்தால் வளைவு தாழ்கிறது, வளைவு தாழ்ந்தால் நாண் இன்னும் இழுபடுகிறது. ஆகவே வளைவு உயரமாகவும் கடினமாகவும் உள்ள இன்சோல் ஒன்றை எடுங்கள். மென்மை பற்றிய கவலையை விடுங்கள்.

2024 மார்ச் 10, இரவு

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். புதியதை வைக்கும் முன் சப்பாத்தோடு வந்த பழைய இன்சோலை வெளியே எடுத்துவிடுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் பாதம் மேலே எழும்பி, குதிக்கால் பின்சுவரின் பிடியிலிருந்து வெளியே வருகிறது. ஒவ்வோர் அடிக்கும் அது உயர்ந்து தாழ்ந்து, இரண்டு நாளில் கொப்புளம். பழையது ஒட்டப்பட்டிருந்தால் நுனியிலிருந்து மெதுவாக உரித்துப் பாருங்கள். உரியவே மாட்டேன் என்கிற சப்பாத்துகளும் இருக்கின்றன. அவற்றுக்குள் முழு இன்சோல் எதையும் திணிக்க முயலாதீர்கள்.

எடுத்த பழையதை எறியவும் வேண்டாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2024 மார்ச் 13, புதன்

வத்தளையிலிருந்து தாதிச் சகோதரி ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார். ஈரக்காலைச் சீமெந்துத் தரையில் பதித்து, பதிவைப் பார்த்துத் தட்டைப் பாதமா உயர்ந்த வளைவா என்று முடிவு செய்து, அதற்கேற்ற இன்சோலை எடுக்கலாமே, எல்லோருக்கும் உயரமான வளைவைச் சொல்வது சரியா என்று கேட்கிறார்.

அவர் கேட்டது நியாயம். ஆனால் ஈரக்கால் பதிவு கொஞ்சத்தையே சொல்கிறது. நின்றபடி பதித்தால் ஒரு வடிவம், நடந்தபடி பதித்தால் வேறு வடிவம். கொழுப்பு அதிகமுள்ள பாதம் தட்டையாக இல்லாமலே தட்டைப் பதிவைத் தரும். முற்றாகத் தட்டையா, முற்றாக வளைந்ததா என்ற இரண்டு அந்தங்களை மட்டும் அது காட்டும். நடுவில் உள்ள பெரும்பாலானோருக்கு அது உதவாது.

எனக்கு உதவிய அளவு வேறொன்று. எங்கள் தளத்தில் இருவர், இருவருக்கும் 8 ஆம் இலக்கச் சப்பாத்து, ஒரே வகை இன்சோல் வாங்கினோம். எனக்குப் பொருந்தியது. மற்றவருக்கு வளைவின் மேடு பாதத்தின் நடுவே கல் போல உறுத்தியது. இருவரும் தரையில் தாளை விரித்து, குதிக்காலைச் சுவரோடு ஒட்டி, எழுந்து நின்று அளந்தோம். முழு நீளம் இருவருக்கும் 265 மில்லிமீற்றர் அளவில் ஒன்றுதான். ஆனால் சுவரிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு புடைத்து நிற்கும் இடம் வரை எனக்கு 194, அவருக்கு 185. அவருடைய விரல்கள் நீளம், வளைவு குட்டை. சப்பாத்தின் இலக்கம் விரல் நுனியைப் பார்க்கிறது, வளைவு விரல் நுனியைப் பார்ப்பதில்லை. அந்த 9 மில்லிமீற்றருக்காக அவர் ஒரு மாதம் வலியோடு நடந்தார்.

ஆகவே இன்சோலைக் கையில் எடுத்ததும் தரையில் வைத்து, குதிக்காலை அதன் கிண்ணத்தில் சரியாக உட்கார வைத்து எழுந்து நில்லுங்கள். வளைவின் மேடு முன்னால் சரிந்து முடியும் இடம் பெருவிரல் மூட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். மூட்டின் அடியில் மேடு தட்டுப்பட்டால், எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் அது உங்களுடையதன்று. உட்கார்ந்தபடி பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். நிற்கும்போது பாதம் நீளும்.

2024 மார்ச் 17, ஞாயிறு

நேற்று மருதானையில், நடைபாதையோரம் சப்பாத்துத் திருத்தும் ஐயாவிடம் போயிருந்தேன். புறக்கோட்டையில் வாங்கிய நான்கு வகை இன்சோல்களையும் கொண்டுபோய் அவர் முன்னால் சாக்கில் பரப்பினேன். பெயரையோ விலையையோ அவர் பார்க்கவில்லை. ஒவ்வொன்றின் குதிக்கால் பகுதியிலும் கைப்பெருவிரலை ஊன்றி முழுப் பலத்தோடு அமுக்கி, மனத்துக்குள் பத்து எண்ணி, விரலை எடுத்து, பள்ளம் எழும்பி வரும் வேகத்தைப் பார்த்தார். “விரல் அடித்தட்டில் போய் முட்டினால் அது மெத்தை தம்பி. முட்டாமல் நின்று, விட்டதும் எழும்பினால்தான் அது வேலைக்குப் போகும்” என்றார். பிறகு இரண்டு கைகளாலும் குதிக்காலையும் நுனியையும் பிடித்து ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கினார். நன்றாக முறுகிய இரண்டை வேண்டாமென்று ஒதுக்கி வைத்தார்.

அந்த நான்கையும் பற்றி.

மெமரி ஃபோம் கடையில் நிற்கும்போது ஏமாற்றும். உடற்சூட்டில் இளகிப் பாதத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்வதுதான் அதன் குணம். சாய்ந்த பாதத்தின் சாய்வையும் அப்படியே எடுத்துக்கொள்ளும். ஐயாவின் பெருவிரல் அதில் நேரே அடித்தட்டில் போய் முட்டியது. ஜெல் பாரமானது, ஏணியில் ஏறும்போது வியர்வையோடு சேர்ந்து முன்னால் நகரும். குதிக்காலின் அடியில் வைக்கும் சிறிய ஜெல் துண்டு அதிர்ச்சியை வாங்க நல்லதே, ஆனால் அது ஒன்றையும் தாங்காது.

ஈ.வி.ஏ. என்ற நுரையில் தளர்ந்ததும் இறுகியதும் உண்டு. இறுகியது இலேசானது, வெட்டவும் தேய்க்கவும் எளிது. நாளடைவில் நிரந்தரமாகத் தட்டையாகிவிடுவது அதன் குறை. பாரம் கூடியவருக்கு அது விரைவில் நடக்கும். பொலியூரித்தேன் நுரை சற்றுப் பாரமானாலும் அமுங்கி எழும்பும் தன்மையை நீண்ட நாள் வைத்திருக்கும். நான் இப்போது பயன்படுத்துவது கீழே இறுகிய பிளாஸ்டிக் ஓடு, அதன்மேல் பொலியூரித்தேன், மேலே துணி. ஓடு குதிக்காலையும் வளைவையும் மட்டும் தாங்கி, முன்பாதம் மடியும் இடத்துக்கு முன்னரே முடிந்துவிடுகிறது. முன்பாதம் வரை நீளும் கடின ஓட்டை வேலைச் சப்பாத்துக்கு எடுக்காதீர்கள். குந்தியிருந்து வேலை செய்யும்போது சப்பாத்து மடியும், ஓடு மடியாது.

தக்கையும் உண்டு. ஐயா ஒரு சப்பாத்தில் 3 மில்லிமீற்றர் தக்கைத் துண்டைக் கத்தியால் சீவி, குதிக்காலின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் 3, மறு பக்கம் ஒன்றுமில்லை, அவ்வளவு மெல்லிய ஆப்பு. சீவி முடித்தபின் கண்ணால் பார்க்காமல் பெருவிரல் நகத்தின் ஓரத்தால் தடவிப் பார்த்தார். எங்கோ ஓரிடத்தில் நகம் நின்றது; மீண்டும் ஒரு சீவல்.

2024 மார்ச் 18, திங்கள்

நீரிழிவு உள்ளவர்கள் இங்கு எழுதியிருக்கும் எதையும் தாங்களாகச் செய்ய வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், கடினமான வளைவு தோலை அரைப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. காலுறையில் இரத்தத்தைக் கண்டபின்தான் தெரியவரும். எங்கள் தளத்தில் மேசன் பாஸ் ஒருவருக்கு அப்படித்தான் ஒரு விரல் போனது. சப்பாத்துக்குள் நழுவி விழுந்த சிறு கல்லோடு ஒரு நாள் முழுவதும் நடந்திருக்கிறார்.

அவர்களுக்கென்றே எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை இறப்பர் இருக்கிறது. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்காக வேலூரில் போல் பிராண்ட் என்ற வைத்தியரும் அவரோடு இருந்தவர்களும் பாதணிகளை ஆராய்ந்த காலத்திலிருந்து புழக்கத்தில் உள்ள பொருள் அது. அழுத்தத்தை ஓரிடத்தில் குவிய விடாமல் பரப்புவதுதான் அதன் வேலை. அதை உள்ளே வைக்கச் சப்பாத்தில் ஆழமும் வேண்டும். கிளினிக்கில் காலைக் காட்டி, சொல்லும் அளவில் செய்வியுங்கள். ஒவ்வொரு நாளும் போடும் முன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், இரவில் பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பாருங்கள்.

2024 மார்ச் 31, ஞாயிறு

இரும்பு முனை பற்றி முதல் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். தாமதித்ததற்கு வருந்துகிறேன், ஏனெனில் ஒருவர் நான் சொன்னதைக் கேட்டு 8 மில்லிமீற்றர் தடித்த இன்சோலை வாங்கிப் பெருவிரல் நகம் கறுத்துப் போயிருக்கிறார்.

சேஃப்டி சப்பாத்தின் நாக்கிலோ பக்கவாட்டிலோ ஈ.என். ஐ.எஸ்.ஓ. 20345 என்ற தர நியமத்தின் இலக்கம் இருந்தால், அதன் முனை 200 ஜூல் அடியையும் 15 கிலோநியூட்டன் நசுக்கலையும் தாங்குவதாகச் சோதிக்கப்பட்டது என்று பொருள். 200 ஜூல் என்பது 20 கிலோ எடை ஒரு மீற்றருக்குச் சற்று மேலிருந்து விழுவது. அந்த அடி விழும்போது இரும்பு கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும். அமுங்கியபின் உள்ளே எவ்வளவு இடம் மிச்சம் என்பதைக் களித்துண்டு ஒன்றை உள்ளே வைத்து அளக்கிறார்கள். 41, 42 ஆம் ஐரோப்பிய இலக்கத்துக்கு, அதாவது நம்முடைய 8 ஆம் இலக்கம் வரைக்கும், மிஞ்ச வேண்டிய மிகக் குறைந்த உயரம் 14 மில்லிமீற்றர். உங்கள் விரல் உயிர் தப்பும் இடம் அந்தப் 14 மில்லிமீற்றர்தான். பழைய இன்சோல் விரலின் அடியில் 4 மில்லிமீற்றர் இருந்து, அதை எடுத்துவிட்டு 8 மில்லிமீற்றரை வைத்தால், அந்த இடத்திலிருந்து 4 மில்லிமீற்றரை நீங்களே விழுங்கிவிட்டீர்கள்.

ஆகவே புதிய இன்சோலின் முன்பகுதி பழையதை விடத் தடிக்கக் கூடாது. என்னிடம் உள்ள வேர்னியரால் இரண்டையும் அளந்தே வைக்கிறேன். வேர்னியர் இல்லாவிட்டால் இரண்டையும் மேசை ஓரத்தில் பக்கம் பக்கமாக வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தாலே தெரியும். குதிக்காலில் சற்றுத் தடித்திருக்கலாம். முன்னால் கூடாது.

சப்பாத்தோடு வந்த துண்டுத்தாளையும் வாசியுங்கள். அந்தத் தர நியமத்தின்படி, உள்ளே இன்சோல் இருக்கும் நிலையில் சப்பாத்துச் சோதிக்கப்பட்டிருந்தால், அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதானால் அதே தயாரிப்பாளரின் ஒத்த இன்சோலையே வைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். இது வெறும் வியாபாரப் பேச்சன்று. மின்னேற்றம் தேங்காமல் கடத்தும் சப்பாத்துகளின் மின்தடை 0.1 மெகா ஓமுக்கும் 1000 மெகா ஓமுக்கும் இடையில் இருக்க வேண்டும். பாதத்திலிருந்து தரைக்குப் போகும் அந்த வழி இன்சோல் ஊடாகத்தான் போகிறது. சாதாரண நுரையை இடையில் வைத்தால் வழி அடைபடுகிறது. தின்னர், பெற்றோல் ஆவி உள்ள இடத்தில் வேலை செய்பவர்கள் தங்கள் பாதுகாப்பு அலுவலரைக் கேட்காமல் இன்சோலை மாற்ற வேண்டாம்.

என்னைப் போல மின்வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. மெல்லியதாகவும் விறைப்பாகவும் இருக்கிறது என்று காபன் நாரால் ஆன தகட்டு இன்சோல்களைச் சிலர் புகழ்கிறார்கள். காபன் மின்சாரத்தைக் கடத்தும். காபனோ உலோகமோ உள்ள எதையும் நான் என் சப்பாத்துக்குள் வைப்பதில்லை.

2024 மார்ச் 31, மாலை

ஏணியில் நிற்கும்போது வரும் பாத வலிக்கு இன்சோல் உதவுமா என்று கேட்டிருந்தவருக்கு: ஏணிக்கம்பி பாத வளைவின் நடுவில்தான் அழுத்தும், அதை இன்சோல் தடுக்காது. சப்பாத்தின் அடித்தட்டுக்குள் குதிக்காலிலிருந்து முன்பாதம் வரை விறைப்பான தகடு இருக்கிறதா என்று பாருங்கள். சப்பாத்தின் நுனியையும் குதிக்காலையும் பிடித்து மடியுங்கள். விரல்களின் அடியில் மடிந்தால் நல்லது. நடுவில் மடிந்தால் உள்ளே எந்த இன்சோலை வைத்தாலும் பயனில்லை.

2024 ஏப்ரல் 21, ஞாயிறு

புத்தாண்டு விடுமுறையில் இதுவரை எழுதியதையெல்லாம் வாசித்துப் பார்த்தேன். முதல் குறிப்பில் “உயரமாகவும் கடினமாகவும்” என்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். உயரம் என்பது என் பாதத்துக்குப் பொருந்தியது, அவ்வளவுதான். தட்டைப் பாதமுள்ள ஒருவருக்கு உயர்ந்த மேடு முதல் நாளிலிருந்தே எதிரி. இப்போது என்னைக் கேட்டால், முதலில் குதிக்கால் கிண்ணத்தின் ஆழத்தைப் பாருங்கள் என்பேன். குதிக்காலின் அடியில் உள்ள கொழுப்பு மெத்தை பக்கங்களுக்குப் பிதுங்காமல் ஆழமான கிண்ணம் அதை ஒன்றாகப் பிடித்து வைக்கிறது. குதிக்கால் சாய்வதையும் அது ஓரளவு தடுக்கிறது. வளைவு அதற்குப் பிறகு. நின்று பார்க்கும்போது மேடு பாதத்தை மெதுவாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், குத்தக் கூடாது.

விலை பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். நான் வாங்கியவற்றில் ஜெல் 650 ரூபாய், ஓடு வைத்தது 4,800 ரூபாய். பாதத்தை அச்செடுத்துத் தனியே செய்விப்பதற்கு அதைப் போலப் பல மடங்கு கேட்டார்கள். நான் செய்விக்கவில்லை, அதற்காக வருந்தவும் இல்லை. அவுஸ்திரேலியாவில் கார்ல் லேண்டோர்ஃபும் உடன் ஆய்வாளர்களும் குதிக்கால் வலியுள்ள 135 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வெறும் மெல்லிய நுரை, ஒரு குழுவுக்குக் கடையில் கிடைக்கும் இறுகிய நுரை இன்சோல், ஒரு குழுவுக்கு அச்செடுத்துச் செய்தது என்று கொடுத்துப் பார்த்து 2006 இல் வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் பின்னிரு குழுக்களிலும் நடமாட்டம் சற்று மேம்பட்டிருந்தது, இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. பன்னிரண்டு மாதத்தில் மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்திருந்தன. பாதத்தின் வடிவமே மாறிப்போனவர்களுக்கு அச்செடுப்பது தேவைதான். நம்மைப் போல நின்று நின்று வலி வந்தவர்கள் அந்தப் பணத்தை இரண்டாவது சோடிச் சப்பாத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

“இடுப்பு வலியும் போகும்” என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2007 இல் ஆறு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, இன்சோல் முதுகுவலியை வராமல் தடுப்பதில்லை என்றே முடிவு செய்தது. எனக்கும் இடுப்பு வலி உண்டு. இன்சோலால் அது ஓர் இம்மியும் குறையவில்லை.

2024 ஜூன் 2, ஞாயிறு

மழை. மூன்று நாளாகச் சப்பாத்து காயவில்லை.

வறண்ட ஊரில் உள்ளவர்கள் எழுதும் இன்சோல் ஆலோசனையில் இந்தப் பகுதியே இருக்காது. நனைந்த இன்சோலைச் சப்பாத்துக்குள்ளேயே விட்டால் மேல்துணி நுரையிலிருந்து உரிகிறது, மணம் பிடிக்கிறது, விரலிடுக்கில் சேற்றுப்புண் வருகிறது. வேலை முடிந்து வந்ததும் இன்சோலை வெளியே எடுத்து, மின்விசிறிக்கு நேரே சுவரில் சாய்த்து வைக்கிறேன். சப்பாத்துக்குள் பழைய வீரகேசரித் தாளைக் கசக்கித் திணித்து, படுக்கப்போகும் முன் ஒரு முறை தாளை மாற்றுகிறேன். வெயில் கண்டதும் கூரையில் காய வைக்கும் ஆசை எனக்கும் உண்டு. கடும் வெயிலிலும் அடுப்பருகிலும் ஈ.வி.ஏ. சுருங்கும், ஒட்டுப்பசை விடும். முடியுமானால் இரண்டு சோடி இன்சோல் வைத்து, ஒன்றுவிட்டு ஒரு நாள் மாற்றிப் போடுங்கள்.

2024 ஜூலை 28, ஞாயிறு

நான்கு மாதமாக இல்லாத வலி எனக்குத் திரும்பியிருக்கிறது, காரணமும் தெரிகிறது. ஆடிவேல் தேரின் பின்னால் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை வெறுங்காலோடு நடந்தேன். அது நேர்த்தி, அடுத்த ஆண்டும் நடப்பேன். ஆனால் மறுநாள் காலை முதல் அடியில் பழைய ஆணி அதே இடத்தில் இருந்தது.

அதன்பின்தான் ஒன்றை யோசித்தேன். சப்பாத்துக்குள் உள்ள இன்சோல் நாளில் ஒன்பது மணித்தியாலம் என்னைப் பார்த்துக்கொள்கிறது. மீதி நேரமெல்லாம் நாங்கள் வீட்டுக்குள் மாபிள் தரையில் வெறுங்காலோடுதானே நடக்கிறோம்? குறிப்பாக, நாளின் மிக மோசமான அந்த முதல் அடி வெறுந்தரையில்தான் விழுகிறது. எனவே வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கென்று, தடித்த அடியும் சிறிய வளைவும் உள்ள இறப்பர்ச் செருப்பு ஒன்றைக் கட்டிலடியில் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. சாமியறைக்கும் குசினிக்கும் அது போகாது என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

இன்னொன்று, இதை முன்னரே சொல்லாதது என் பிழை. 1954 இல் ஹிக்ஸ் என்ற ஆய்வாளர், பெருவிரலை மேலே மடக்கும்போது அந்த நார்ப்பட்டை விரலின் மூட்டைச் சுற்றி இழுபட்டுப் பாத வளைவு தானே உயர்வதைக் காட்டினார். கிணற்றுக் கப்பியில் கயிறு சுற்ற வாளி எழும்புவது போல. பெருவிரலைக் கையால் முகத்தை நோக்கி இழுத்துக்கொண்டு மறு கையால் உள்ளங்காலைத் தடவினால் கம்பி போல விறைத்து நிற்பது அந்தப் பட்டைதான். டிஜியோவானியும் குழுவினரும் 2003 இல் 101 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், காலையில் முதல் அடி வைக்கும் முன்னரே விரல்களை அப்படி இழுத்துப் பத்து விநாடி பிடித்து, பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை செய்தவர்களுக்கு, கெண்டைக்காலை மட்டும் இழுத்தவர்களை விட வலி நன்றாகக் குறைந்தது. எனக்கு இயன்மருத்துவர் சொல்லித் தந்ததும் இதையே. கட்டிலில் உட்கார்ந்தபடி செய்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு எழுகிறேன். நல்ல இன்சோல் வலியைத் தாங்கிக்கொள்ள உதவியது, இந்த இழுப்புத்தான் அதைப் போக்கியது என்று இன்று எனக்குப் படுகிறது.

2024 செப்டெம்பர் 8, ஞாயிறு

பேலியகொடைத் தம்பி நேற்று நேரில் வந்தார். ஓடு வைத்த இன்சோலை ஏப்ரலில் வாங்கி, பழக்கப்படுத்தச் சொன்னபடி முதல் நாள் இரண்டு மணித்தியாலம், பிறகு நாளுக்கு ஒரு மணித்தியாலம் கூட்டி, இரண்டு கிழமையில் முழு நாளுக்கு வந்திருக்கிறார். வலி பாதியாகக் குறைந்து அங்கேயே நின்றுவிட்டதாம். நான் எறிய வேண்டாம் என்று மார்ச்சில் எழுதிய பழைய இன்சோலைக் கொண்டு வரச் சொல்லியிருந்தேன்.

மேசையில் வைத்து, பக்கத்திலிருந்து டோர்ச் அடித்துப் பார்த்தோம். குதிக்காலின் பள்ளம் நடுவில் இல்லாமல் உட்பக்க ஓரத்தில் வழிந்திருந்தது, அது எதிர்பார்த்ததே. ஆனால் பெருவிரலின் கறை இன்சோலின் நுனியிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி நின்றது. குதிக்கால் பள்ளமோ ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு வட்டங்கள். பாதம் உள்ளே முன்னும் பின்னும் ஓடியிருக்கிறது. சப்பாத்தையே அளந்தோம். அவருக்கு 8 போதும், களஞ்சியத்தில் இருந்தது 9 ஆம் இலக்கம், கொடுத்ததை வாங்கிப் போட்டிருக்கிறார். ஆறு மாதமாக நான் அவருக்கு இன்சோலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். சப்பாத்தின் இலக்கம் என்ன என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அது என்னை உறுத்துகிறது. இதை வாசிக்கும் எவரும் வேறெதற்கும் முன் அதைப் பாருங்கள்: நாடாவை முறையாகக் கட்டியபின் குதிக்கால் எழும்புகிறதா, நிற்கும்போது நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கைப்பெருவிரல் அகலம் மட்டும் இருக்கிறதா.

கம்பனியில் 8 ஆம் இலக்கம் மாற்றித் தர இணங்கிவிட்டார்கள். இன்சோலை அதற்கு ஏற்ப வெட்ட வேண்டியிருந்தது, அதை என் வீட்டு முற்றத்திலேயே செய்தோம். புதிய சப்பாத்தோடு வந்த இன்சோலை மேலே வைத்து, இரண்டின் குதிக்கால்களையும் ஒன்றாகப் பொருத்தி, நுனியைச் சுற்றிப் பேனாவால் கோடிட்டு, கோட்டுக்கு வெளியே வெட்டி, சப்பாத்துக்குள் வைத்துப் பார்த்து, நுனி சுருண்டதால் மீண்டும் ஒரு மயிரிழை வெட்டி, மூன்றாவது முறை சுருங்காமல் படிந்தது. குதிக்கால் பக்கத்தில் கத்தரிக்கோலை வைக்கவே கூடாது. வெட்டிய பின் அவருடைய பெருவிரல் மூட்டையும் மேட்டின் முடிவையும் மீண்டும் பார்த்தோம். முன்பு போலவே மூட்டுக்குச் சற்றுப் பின்னால் நின்றது.

அடிப்பக்கத்தில் மார்க்கரால் திகதியை எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் எடுத்து ஐயாவின் பெருவிரல் சோதனையைச் செய்து பார்க்கச் சொன்னேன். நின்று வேலை செய்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் எங்கோ அது தளர்ந்துவிடும், மேற்துணி புதிதாகவே இருந்தாலும்.

அவர் போனபின் என்னுடையதை எடுத்துத் திருப்பினேன். 16 மார்ச் என்று எழுதியிருந்தது. குதிக்காலில் அமுக்கினேன், விரல் ஓட்டில் போய் முட்டியது. வருகிற சனிக்கிழமை, கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், வேலைக் காலுறையையும் பழைய இன்சோலையும் பையில் போட்டுக்கொண்டு புறக்கோட்டைக்குப் போகிறேன்.